துறையில் வந்திறங்குவோர்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே உடைந்த கல்லொன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழிலே பொறிப்பித்த ஆணை அது. கலாநிதி கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து கூடுதல் வேண்டும், வந்தவர் காக்கப்படல் வேண்டும் என்கிறது அக்கல். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. இந்த ஊராத்துறைதான் நம் ஊர்காவற்றுறை.

தனக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம் உண்டென்று அவ்வரசன் ஒளிக்காமற் சொல்கிறான். அந்த வெளிப்படைப் பேச்சு எனக்குப் பிடிக்கும். வந்தவனைக் காப்பது அறமென்று அவன் ஆரவாரம் செய்யவில்லை. காவாவிட்டால் அடுத்த கலம் வாராது என்று கணக்கிட்டான். அந்தக் கணக்கையேனும் நாம் இன்று போட்டுப் பார்க்கிறோமா?

கல்லுக்கு முந்திய சொல் ஒன்றும் நமக்குண்டு. மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பர் நம்மவர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. அத்தீவிலே இருவர் தனியராய் நின்ற கதையே எனக்கு வேண்டியது. உறக்கத்திலே தூக்கிவரப்பட்ட மணிமேகலை, விழித்துப் பார்த்தபோது முன்பின் அறியாத மணற்கரையிலே கிடந்தாள். தீவதிலகை எதிரே வந்து, கலங் கவிழ்ந்து கரைசேர்ந்தவள் போல நிற்கிறாயே, நீ யார் என்று கேட்டாள். கேட்டு, வழி காட்டினாள். அமுதசுரபி கைக்கு வந்தது. ஆபுத்திரனுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. சாவகம் நோக்கிச் சென்ற கப்பல், காற்றுக்காக ஒருநாள் அங்கே பாய் இறக்கியது. அவன் கரையில் இறங்கினான். ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் நள்ளிரவிலே பாய் விரித்துப் போய்விட்டார்கள். கையிலே ஊரையெல்லாம் உண்பிக்க வல்ல பாத்திரம், உண்பதற்கு ஒருவருமில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். அவனைத் தேடி மீண்டு வந்த செட்டிமார் ஒன்பதின்மரும் அங்கேயே மடிந்தனர் என்கிறது காப்பியம்.

படகைத் தவறவிட்டவனின் நிலை அதுதான். சில மாதங்களுக்கு முன் தீவகத்துத் துறையொன்றிலே அதை நான் கண்ணாற் கண்டேன். தஞ்சை நாட்டிலிருந்து வந்த முதிய தம்பதியர். நாகப்பட்டினத்திற் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கி, பேருந்து மாறி மாறித் துறைக்கு வந்து சேர்ந்தனர். எவரோ சொன்ன நேரம் பிழைத்தது. கடைசிப் படகு போய்விட்டது. பொழுது சாய்கிறது. அவர்கள் கொண்டுவந்த கைப்பேசி இந்நாட்டில் இயங்கவில்லை. பட்டினத்துக்குத் திரும்ப முச்சக்கரவண்டிக்காரர் கேட்ட தொகையைக் கேட்டு அந்தப் பெரியவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, கடலைப் பார்த்தபடி நின்றார்.

நானும் நின்றேன். அழைத்துப் போகலாமென்று மனம் சொன்னது. வீட்டிலே இடம் உண்டா, முன்பின் அறியாதவராயிற்றே என்று நான் எண்ணிக்கொண்டு நிற்கையிலே, தேநீர்க்கடை அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அம்மா, ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருட்டப்போகுது. எங்கட வீட்டிலை படுத்தெழும்பி விடியப் போகலாம்," என்றார். தீவதிலகையாவது யாரென்று கேட்டாள். இவர் அதையுங் கேட்கவில்லை. பத்து நிமிடம் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்ற என் படிப்பை நினைத்து நான் வெட்கினேன்.

ஆனால் அந்த அம்மாவின் பாயை நம்பி ஒரு நாடு தன் துறைகளைத் திறக்கலாகாது. பலாலி விமானநிலையம் 2019 ஒக்ரோபரில் அனைத்துலக நிலையமாயிற்று. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடிற்று. திறப்புவிழாக்களிலே மாலைக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. இறங்கியவர் அடுத்து எங்கே போவார், எதிற் போவார், எங்கே படுப்பார் என்பதை மட்டும் எவரும் பேசியதாக நினைவில்லை. தீவகம் செல்வோருக்கு இது இன்னும் கடுமை. புங்குடுதீவு வரை தரைவழி உண்டு, குறிகட்டுவானுக்கப்பால் கடல். நயினாதீவு கால்மணி, அரைமணி ஓட்டம். நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணி; சோளகம் வீசுங் காலத்தில் அதுவும் உறுதியில்லை. காலையிற் போனவர் பிற்பகலில் மீளாவிட்டால் இரவு அங்கேதான்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பாருங்கள்: வழிப்போக்கன் ஒதுங்கவென்று தெருவின் மேலேயே கூரை போட்டார்கள். கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லுமாக மாட்டுக்குங்கூட இடம் வைத்த நாடு இது. நயினாதீவில் அமுதசுரபியின் பெயராலேயே அன்னதானம் நடக்கிறது. சோற்றுக்குக் குறைவில்லை, குறை செய்தியிலேதான். கடைசிப் படகு எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, காற்று மிகுந்தால் எங்கே விசாரிப்பது, இரவு தங்க எந்த வீடு, எந்த மடம் – இவ்வளவையும் மூன்று மொழியிலும் எழுதிய பலகையொன்று காங்கேசன்துறையிலும் பலாலியிலும் குறிகட்டுவானிலும் நிற்கவேண்டும். நேரம் மாறினால் பலகையும் அன்றே மாறவேண்டும். பிந்துவோருக்காகத் துறையருகே நாலு அறை கட்டுவது பெருஞ்செலவுமன்று.

இதைக் கேட்க நமக்குத் தனியுரிமை உண்டு. அது கடன்பட்டவனின் உரிமை. கொழும்பிலே கடை வைத்த தீவகத்தார், ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பின்னறையிலே பாய் விரித்தார்கள். 1983க்குப் பின் பாரிசிலும் ரொறன்ரோவிலும் போய் இறங்கிய நம்மவர், மொழி தெரியாமல், கையில் ஒரு முகவரித் துண்டுடன் நின்றனர். அங்கே ஓர் அறையிலே எண்மர், பதின்மர் நெருங்கிப் படுத்து ஒன்பதாமவனுக்கும் பதினோராமவனுக்கும் இடம் விட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று விடுமுறைக்கு இத்துறைகளிலே வந்திறங்குகிறார்கள். படகு எத்தனை மணிக்கு என்று அவர்களும் அந்தத் தேநீர்க்கடையிலேதான் கேட்கிறார்கள்.