பிந்தினாலும் போட்டதுதானே?

கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கிற கதை இது. பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன், போன கிழமை திருவிழா, இந்தக் கிழமை கலியாண வீடு, தகப்பன் கொழும்பில நிக்கிறார், வந்தாப்பிறகு பார்ப்பம். பிந்தினாலும் ஊசி போட்டதுதானே? இப்படிச் சொல்லுகிறவர்கள் யாரும் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் அல்ல. அதனால்தான் இந்தக் கதை எங்களுக்குக் கூடுதலாகக் கோபத்தைத் தருகிறது. ஊசி நஞ்சு என்று வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புகிற ஆட்களோடு மல்லுக்கட்டியே எங்கட தலைமுறை களைத்துப்போய்க் கிடக்கு. ஆனால் இந்த நாட்டில் ஊசியே வேண்டாம் என்கிற சனம் மிகக் குறைவு. நல்ல மனசோடு பிந்துகிற சனம்தான் கனபேர்.

பிறந்த உடனே பி.சி.ஜி. 2, 4, 6 மாதங்களில் பென்டா ஊசியும் போலியோத் துளியும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர். 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி. கிளினிக் கொப்பியில் இருக்கிற இந்த மாதக் கணக்கை யாரோ ஒரு உத்தியோகத்தர் கந்தோரில் இருந்து தன் வசதிக்குப் போட்டதாகத்தான் பலபேர் நினைக்கினம். குக்கல் ஒரு பெரிய ஆளுக்கு வந்தால் கிழமைக்கணக்கில் இருமுவார். மூன்று மாதக் குழந்தைக்கு வந்தால் மூச்சே நின்றுவிடலாம். அந்த நோய் கூடுதலாகக் கொல்லுவது முதல் சில மாதங்களில்தான் என்றபடியால்தான் ஊசி இரண்டாம் மாதத்திலேயே தொடங்குகிறது. நாலாம் மாதம் வரைக்கும் முதல் ஊசியைத் தள்ளிப்போட்டால், ஊசி எதற்காக வந்ததோ அந்தக் காலத்தையே பிள்ளை வெறுங்கையோடு கடந்து வருகிறது.

சின்னமுத்துவின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. தாயின் உடம்பில் இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையைச் சில மாதங்கள் காக்கும். அது உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது. அது வடிந்தபிறகு சுணங்கினால் கிருமி முந்திவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கின வாசல்தான் அந்த ஒன்பதாம் மாதம்.

மூன்று மாதத்தில் என்ன வந்துவிடப் போகுது என்று கேட்கிறவர்களுக்கு எங்கட நாட்டின் சரித்திரமே பதில் சொல்லுது. 2011இல் எம்.எம்.ஆர் ஊசி அறிமுகமானபோது, அதுவரை 9 மாதத்தில் போட்டுவந்த சின்னமுத்து ஊசிக்குப் பதிலாக 12 மாதத்தில் எம்.எம்.ஆர் என்று அட்டவணை மாறியது. அந்த மாற்றத்துக்கு மருத்துவக் காரணங்கள் இருந்தன, நோயும் அப்போது அடங்கிக் கிடந்தது. 2013இலும் 2014இலும் சின்னமுத்து திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கானோருக்குப் பிடித்தது. அதில் ஒரு வயசு நிரம்பாத குழந்தைகள் கனபேர். 2015இல் ஊசி மறுபடி ஒன்பதாம் மாதத்துக்கு வந்தது. ஒரு நாடே யோசித்துத் திருத்திக்கொண்ட அந்த மூன்று மாதத்தைத்தான் நாங்கள் வீட்டில் 'அடுத்த கிளினிக்குக்குப் போவம்' என்று சும்மா தூக்கிக் குடுக்கிறம்.

2019இல் இலங்கை சின்னமுத்துவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெருமைதான். நாலு வருஷத்தில், 2023இல், நோய் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போடவேண்டி வந்தது. யாழ்ப்பாணமும் கல்முனையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஊசி போடும் வயசே வராத அந்தக் குழந்தைகளுக்கு இருந்த ஒரே வேலி, சுற்றியிருக்கிற மற்றப் பிள்ளைகள் நேரத்துக்கு ஊசி போட்டிருப்பதுதான். சின்னமுத்துக்கு அந்த வேலி நிற்க நூற்றில் 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும். என்ர பிள்ளை, என்ர வசதி என்று பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டு ஆறு மாதக் குழந்தையின் வேலியையும் சேர்த்துத்தான் பிடுங்குகினம்.

இந்த இடத்தில் சுகாதார அமைச்சு தப்பிவிடவும் நாங்கள் விடமாட்டம். இலங்கையில் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 99 வீதம் அளவில் என்று பல வருஷங்களாகக் கேட்டு வருகிறம். அந்த எண் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 9 மாதத்தில் போடவேண்டிய ஊசியை 15 மாதத்தில் போட்ட பிள்ளையும் கடைசியில் 'போட்ட பிள்ளை' என்றுதான் கணக்கில் ஏறும். அந்த ஆறு மாதம் எந்த அறிக்கையிலும் எங்கட கண்ணுக்குப் படாது.

பிந்துகிறதை எல்லாம் தாய்மாரின் தலையில் கட்டுகிற பழக்கமும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண் வேலைநாள் காலையில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், அல்லது அரைப் பேர்தான் விழும். கிளினிக் நடக்கிறதோ பெரும்பாலும் வேலைநாள் காலையில். போகிற இடத்தில் தமிழ் விளங்காத உத்தியோகத்தர் இருந்தால் அடுத்த திகதி என்னவென்பதே அரைகுறையாகத்தான் விளங்கும். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் பக்கத்துப் பிரிவுக்காரரே இரண்டையும் பார்க்க வேணும். படலையைத் திறந்து 'ஏன் பிள்ளையைக் கொண்டுவரேல்ல?' என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது அப்படித்தான். இந்த நாட்டின் தடுப்பூசிப் பெருமை முழுக்க அந்தப் பெண்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வீடுவீடாகத் திரிந்து சேர்த்தது. மேடையில் பொன்னாடை போடுகிறவர்கள் வெற்றிடத்தை நிரப்பட்டும் முதலில்.

பயம் இருக்கிறவர்களை முட்டாள்கள் என்று நக்கலடிக்கிற பதிவுகளும் வேண்டாம், அதை எங்கட பெடியள்தான் கூடச் செய்யினம். 2008இல் பென்டா ஊசி வந்த சில மாதங்களில் சில குழந்தைகள் இறந்தார்கள். அரசாங்கம் அந்த ஊசியை நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் சேர்ந்து விசாரித்தார்கள். 2010இல் ஊசி திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளை வெறுமனே விடாமல் பழைய முக்கூட்டு ஊசி போட்டார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேணும். சந்தேகம் வந்தால் நிறுத்தி விசாரிக்கிற அமைப்பு ஒன்று இருக்கு என்று தெரிந்தால்தான் ஒரு தாய் நம்புவாள். ஆட்டிசம் கதையைக் கிளப்பிய வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதை மீளப்பெற்றதையும் அதே மூச்சில் சொல்லலாம்.

எங்கட அம்மாமார் சண்டைக்குள்ளே பிள்ளை வளர்த்தவர்கள். 1990களில் போலியோத் துளி குடுக்கிற நாட்களுக்காக இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்த வரலாறு இந்த மண்ணில் இருக்கு. கரண்ட் இல்லாத ஊர்களுக்கு ஐஸ் பெட்டியில் மருந்து போனது. இலங்கையில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 1993இல். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தவர்கள் திகதி தவறாமல் போனார்கள் என்றால், கலியாண வீட்டைச் சாட்டுச் சொல்ல எங்களுக்கு வெட்கம் வரவேணும்.

இதை வாசிக்கிற கனபேருக்குப் பிள்ளை இல்லை, தெரியும். ஆனால் அக்காவுக்கோ அண்ணிக்கோ பக்கத்து வீட்டுக்கோ இருக்கும். கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கோ, திகதியை உங்கட போனில் போட்டு வையுங்கோ. சாதாரண தடிமனுக்காக ஊசியைத் தள்ளத் தேவையில்லை, கொண்டுபோய்க் காட்டினால் அங்கே சொல்லுவினம். ஏற்கெனவே பிந்திவிட்டதென்றால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து போடுவார்கள். ஏச்சு விழும் என்று பயந்தே இன்னும் இரண்டு மாதம் பிந்துகிற தாய்மார் இருக்கினம். அவர்களோடு நீங்களும் கிளினிக்குக்குப் போங்கோ, ஏச்சை நீங்கள் வாங்குங்கோ.

சுகாதார அமைச்சிடமும் மாகாணத் திணைக்களங்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் உரிய மாதத்தில் ஊசி போட்டார்கள் என்ற எண்ணை ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கும் தனித்தனியாக, தமிழிலும், எம்.ஓ.எச் கந்தோர் வாசலில் ஒட்டுங்கோ. பக்கத்திலேயே எத்தனை குடும்பநல உத்தியோகத்தர் இடம் வெற்றிடம் என்பதையும் ஒட்டுங்கோ. தோட்டங்களில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிளினிக் வையுங்கோ. அதுவும் முடியாதென்றால் கிளினிக்குக்குப் போகிற தாய்க்கு அன்று முழுப் பேர் போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கு உத்தரவு குடுங்கோ.