செனிகா ஜில்லாவின் பெயரற்ற கல்லறைகள்

அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில், விரல் ஏரிகள் என்று வழங்கும் நீண்ட ஏரிகளுள் மிகப் பெரியவையான செனிகாவுக்கும் கயூகாவுக்கும் நடுவே, திராட்சைத் தோட்டங்களும் சோள வயல்களும் நிறைந்த ஒரு சிறு ஜில்லா இருக்கிறது. 1804-ஆம் ஆண்டில் தனியாகப் பிரிக்கப்பட்ட அதற்கும் செனிகா என்றே பெயர். பெருநகரம் ஒன்றேனும் இல்லாத அந்தக் கிராமாந்தரத்தில்தான், அமெரிக்க ஸ்திரீகளின் உரிமைக்காகவென்றே கூடிய முதல் மகாநாடு நடந்தது.

அடிமை முறையை எதிர்த்துத் தாய்ச் சபையிலிருந்து பிரிந்து வந்த வெஸ்லியன் கிறிஸ்தவர்கள், செனிகா பால்ஸ் என்னும் ஊரில் 1843-இல் கட்டிய எளிய செங்கல் ஆலயத்தில், 1848 ஜூலை 19, 20 தேதிகளில், அவ்வூர்வாசியான எலிசபெத் கேடி ஸ்டான்டனும் லுக்ரீஷியா மாட் முதலிய தோழியரும் கூட்டிய அந்த மகாநாட்டுக்கு ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். ஸ்திரீகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானம் வந்திருந்தவர்களிலேயே பலருக்கு மிதமிஞ்சிய துணிச்சலாகத் தோன்றிற்று; அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பத்திராதிபராக உயர்ந்திருந்த பிரடெரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்த பிறகே அது நிறைவேறிற்று. மகாநாட்டின் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்கள் 68 ஸ்திரீகளும் 32 புருஷர்களும். 1920-இல் அவ்வுரிமை தேசமெங்கும் சட்டமானபோது, அந்த ஸ்திரீகளுள் ஒருவரே உயிரோடிருந்தார்.

அந்த ஆலயம் பின்னர் கைமாறி, நாடகக் கொட்டகையாகவும் சினிமாக் கொட்டகையாகவும் மோட்டார் நிலையமாகவும், கடைசியில் துணி வெளுக்கும் கடையாகவும் மாறியது. 1980-இல் அது தேசியச் சரித்திரப் பூங்காவின் பகுதியாக அறிவிக்கப்பட்ட காலத்தில், பழைய கட்டடத்தில் எஞ்சியிருந்தவை இரண்டு சுவர்களின் பகுதிகளும் கூரையின் ஒரு துண்டுமே. இன்று சுவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டு நிற்கின்றன. அந்த முயற்சியைப் போற்றுகிறேன். அதே முயற்சிக்கு உரிமையுடைய வேறு இடங்களும் அந்த ஜில்லாவில் உண்டு என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

செனிகா ஏரியின் கிழக்குக் கரையில் பூர்வகுடியினரின் கெண்டையா என்ற கிராமம் இருந்தது. பழமரங்கள் மிகுந்திருந்தமையால் வெள்ளையர் அதை ஆப்பிள் டவுன் என்றார்கள். அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தின்போது, 1779 செப்டம்பரில், சேனாதிபதி வாஷிங்டனின் உத்தரவின்படி வந்த ஜெனரல் சல்லிவனின் சேனை, வீடுகளைக் கொளுத்தி, அந்த மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. யுத்தம் முடிந்தபின் அப்பிரதேசத்து நிலங்கள் போர்வீரர்களுக்குச் சன்மானமாகப் பங்கிடப்பட்டன. அங்குள்ள ஊர்களுக்கு ஆவிட், ராமுலஸ் என்று ரோமாபுரியின் நாமங்கள் சூட்டப்பட்டன. 1941-இல் வெடிமருந்துக் கிடங்கு அமைக்க வேண்டுமென்று அரசாங்கம் அங்கிருந்த விவசாயிகளையும் குடிபெயர்த்தது. ஒரே மண்ணிலிருந்து இருமுறை குடிகள் வெளியேற்றப்பட்ட அந்த விருத்தாந்தத்தையும், இடிந்த ஆலயத்தின் கதையைச் சொல்வதுபோல், வருகிறவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டாமா?

இதனினும் என் மனத்தை வருத்துவது, அதே கரையில் சற்றுத் தெற்கே உள்ள வில்லார்ட் மனநோய் ஆஸ்பத்திரி. ஏழை விடுதிகளில் சங்கிலியிடப்பட்டுக் கிடந்த சித்தப்பிரமை கொண்டவர்களை மீட்டுப் பராமரிப்பதற்கென்று, உண்மையான கருணையோடு 1869-இல் திறக்கப்பட்ட அவ்வாஸ்பத்திரி 1995-இல் மூடப்பட்டபோது, ஒரு கட்டடத்தின் மேல்மாடத்தில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் அகப்பட்டன. திரும்பிப் போவோம் என்று நம்பி வந்தவர்கள் கொண்டுவந்த துணிமணிகளும் கடிதங்களும் புகைப்படங்களும் அவற்றில் இருந்தன. அவற்றை ராஜ்யத்தின் பொருட்காட்சிசாலை பத்திரமாகப் பாதுகாக்கிறது. ஆனால் அங்கேயே மாண்டு புதைக்கப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களின் தலைமாட்டில் நடப்பட்டவை பெரும்பாலும் எண் பொறித்த இரும்பு அடையாளங்களே. அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தைக் காரணமாகக் காட்டி, அதிகாரிகள் நெடுங்காலம் பெயர்களை வெளியிட மறுத்து வந்திருக்கிறார்கள்.

வியாதியின் விவரத்தை மறைப்பது நியாயம். பெயரையும் மரண தேதியையும் மறைப்பது, மனநோய் வெட்கப்பட வேண்டிய ஒன்று என்ற பழைய எண்ணத்தையே சட்டத்தின் பேரால் நீடிப்பதாகும். இறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தவர்களின் பெயர்களையேனும் வெளியிட அனுமதித்து, அவற்றைக் கல்லில் பொறிக்கும் செலவையும் அந்த ராஜ்யத்தின் சட்டசபை ஏற்றுக்கொள்ள வேண்டும்.