அத்தை வீட்டுக்குப் போக நாம் சுற்றுலாப் பயணிகளா?



நிலாவெளிக் கடற்கரைக்கு இந்தியப் பயணிகள் வந்துபோகிறார்கள். 2023 ஒக்டோபரில் நமது அமைச்சரவை, இந்தியா உட்பட 7 நாட்டவருக்கு வீசாக் கட்டணம் இல்லாமல் 30 நாள் தங்க அனுமதி கொடுத்தது. நல்லதுதான். 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய நமது குடும்பத்துப் பிள்ளைகளும் அங்குள்ள விடுதிகளில் வேலை செய்கிறார்கள். பயணி வந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். வருகிறவர்மீது நமக்குக் கோபம் இல்லை.

அதே பிள்ளை கூடலூரில் இருக்கும் தன் அத்தையைப் பார்க்கப் புறப்படட்டும், அப்போது தெரியும். முதலில் கடவுச்சீட்டு: சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு வீசா. விண்ணப்பம் ஆங்கிலத்தில். தோட்டத்துப் பதிவில் "ராமாயி", அடையாள அட்டையில் "ராமாய்" என்றிருந்தால் அதற்கொரு அலைச்சல். இணையத்தில் எடுக்கலாமே என்கிறார்கள். லயத்தில் யாரிடம் வங்கி அட்டை இருக்கிறது? கடைசியில் டவுன் கொமினிகேஷன்காரருக்குத் தனியாகக் காசு.

வீசா கேட்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். சரி. ஆனால் நமது குடும்பங்கள் தாமாகப் பிரியவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி டெல்லியில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். லயத்தில் ஒருவரையும் கேட்கவில்லை.

எங்கள் அப்பா மாத்தளையில் நின்றுவிட்டார். அவருடைய தங்கச்சி தலைமன்னாரில் கப்பல் ஏறி, கூடலூரில் டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தார். அத்தை செத்த செய்தி போனில் வந்தபோது அப்பாவிடம் கடவுச்சீட்டே இல்லை. வீடியோவில் முகம் பார்த்தார். வேறென்ன செய்ய முடியும்?

பிரித்தவை இரண்டு அரசுகள். பார்த்துவர வழி செய்வதும் அவற்றின் கடமை. ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களுக்குக் கட்டணமில்லாத, பல தடவை போய்வரக்கூடிய உறவினர் வீசா வேண்டும். தாயகம் திரும்பியோருக்கு அன்று கொடுத்த குடும்ப அட்டையை அதற்குச் சான்றாக ஏற்க வேண்டும். விண்ணப்பம் தமிழிலும் இருக்க வேண்டும். சாவு வீட்டுக்கென்றால் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். இலங்கை அரசு தோட்டத் தொழிலாளருக்குக் கடவுச்சீட்டுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். டெல்லிக்குப் போகும் நமது தலைவர்களும் பொன்னாடையோடு திரும்பிவராமல் இதைப் பேசிவிட்டு வரட்டும்.

இந்தியாவில் உறவினர் உள்ள அங்கத்தவர்கள், பிரிந்துபோனவரின் பெயர், போன வருடம், அவர் இருந்த தோட்டம் ஆகியவற்றை எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். பழைய கடிதங்களும் குடும்ப அட்டைப் பிரதியும் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். பட்டியலோடுதான் பேச்சுக்குப் போவோம்.