15-வது வேகத்தை அடக்காதீர்கள்!

'வீடியோ கேம் பற்றிப் பேச ஒரு சித்த வைத்தியருக்கு என்ன வந்தது?' என்றுதானே கேட்கிறீர்கள்? நான் சொல்லப் போவது சுட்டுத் தள்ளும் விளையாட்டு அல்ல. ஆண்-பெண் உறவை வைத்துச் செய்த ஒரு புதிர் விளையாட்டு. பெயர் 'கேத்தரின்'. ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2011-ல் வெளியிட்டது. 2019-ல் புதுமெருகோடு மறுபடியும் வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் நம் வீடுகளுக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது.

கதாநாயகன் வின்சென்ட்டுக்கு வயசு 32. பல வருஷமாகப் பழகிய காதலி கேத்தரின் கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். இவனுக்கோ உள்ளுக்குள் உதறல். 'சரி' என்றும் சொல்லமாட்டான், 'வேண்டாம்' என்றும் சொல்லமாட்டான். நடுவில் அதே பெயரில் இன்னொரு பெண் வந்து சேருகிறாள். காதலியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. விளைவு? ராத்திரி கண்ணை மூடினால் கெட்ட கனவு! கட்டைகளை இழுத்தும் தள்ளியும் படி அமைத்து மேலே ஏற வேண்டும். கீழே இருப்பவை சரிந்துகொண்டே வரும். அந்த ஏற்றம்தான் புதிர். பகலில் பேசாதது ராத்திரியில் துரத்துகிறது.

இதை வெறும் கதை என்று என்னால் தள்ள முடியவில்லை. அடக்கக்கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். தும்மல், பசி, தாகம், சிறுநீர் மட்டுமல்ல. தூக்கமும் கண்ணீரும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அடக்கினால் நோய். 15-வதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், 'சொல்ல வேண்டிய சொல்' என்பேன்.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு காலத்தில் இங்கிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்கு, சிங்கப்பூர் என்று போனார்கள். இப்போது விமானத்தில் வளைகுடா நாடுகளுக்கு. 'அங்கே அவர் படற பாடு போதாதா, இதை வேற எதுக்குச் சொல்லணும்?' என்று மனைவி முழுங்குகிறாள். 'சொன்னா அவ பயந்துடுவா' என்று கணவன் முழுங்குகிறான். போனில் தினமும் பேச்சு உண்டு. பணம் வந்துச்சா, பிள்ளை படிக்குதா... அத்தோடு சரி! பிறகு தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாய்வுத் தொல்லை என்று வைத்தியரிடம் வருகிறார்கள். சூரணம் கொடுக்கலாம், லேகியம் கொடுக்கலாம். பேச வேண்டியதை யார் பேசுவது?

இதற்கு நேர் எதிரான ஒரு புதிர் விளையாட்டை நம் தமிழர்களே செய்திருக்கிறார்கள். கனடாவின் டொரண்டோவிலிருந்து 2023-ல் வந்த 'வெண்பா'. சிறந்த அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை 2024-ல் வாங்கியது. 1988-ல் கனடாவில் புதுசாகக் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை யோசித்து இட்லியும் புட்டும் செய்வதுதான் புதிர். பிழைப்புக் கவலை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற தவிப்பு, வயிற்றில் வளரும் குழந்தை எல்லாமே அந்தச் சமையலோடு சேர்ந்து பேச்சில் வந்துவிடுகிறது. கஷ்டம் தீர்ந்துவிடவில்லைதான். ஆனால் ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிகிறது. பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடுகிறதே!

அதற்காக எல்லோரும் உட்கார்ந்து கேம் ஆடுங்கள் என்று சொல்லவில்லை. 'கேத்தரின்' பிள்ளைகள் கையில் கொடுக்கிற சமாசாரமும் அல்ல. நான் கேட்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம். டி.வி.யையும் செல்போனையும் ஓரங்கட்டுங்கள். பணமும் பிள்ளைகளும் தவிர வேறு ஏதாவது பேசுங்கள். கோபமோ, பயமோ, ஆசையோ, சொல்லிவிடுங்கள். கேட்பவர் உடனே புத்தி சொல்லாமல் கேட்டாலே போதும். கணவர் வெளிநாட்டிலா? வாரத்தில் ஒரு நாள் போனில் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. படபடப்பை 'மனசுதான் காரணம்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள். கடையில் தூக்க மாத்திரை கேட்டு நிற்காதீர்கள்.

கேட்பதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கும்போது, கனவில் கட்டை தள்ளிக்கொண்டு கிடப்பானேன்?