ஆடிக்குத் திறந்த தண்ணீர்

ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்தில் கூட்டம் தாங்காது. காதோலை, கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. காவிரித் தாய்க்கு மசக்கை என்பார்கள். 2017 வறட்சியில் முங்கி எழக்கூட ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆடிப்பெருக்குக்கென்றே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். புண்ணியத்துக்குத் தண்ணீர் திறக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மீனுக்குத் திறக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி.

சிரிப்பீர்கள். ‘சம்பாவுக்கே தண்ணி இல்ல, மீனுக்காம்’ என்பீர்கள். நிலம் உள்ளவன் அப்படித்தான் பேசுவான். கொள்ளிடக் கரைச் சேரியில் பிறந்த எனக்கு நிலமும் இல்லை, பாசன முறையும் இல்லை. நடவு இல்லாத நாளில் எங்கள் அடுப்பு எரிந்தது ஆற்றை நம்பித்தான். தாத்தா ஊத்தா எடுத்துக்கொண்டு போவார். கெளுத்தி, ஆரால், உளுவை, நண்டு, நத்தை. “ஆண்டை வூட்டு நெல்லு ஆண்டைக்கு. ஆத்து மீனு யாருகிட்டயும் கேக்க வேணாம்டா” என்பாள் அப்பாயி. கூலி உயர்த்திக் கேட்டு வேலைக்குப் போகாமல் இருந்த நாளிலும் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை என்றால் காரணம் இந்த மீன்தான்.

உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதுதான். கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் வந்ததும் கொள்ளிடத்தில் எதிரேறி வந்து முட்டையிடும். அப்பாயி அதைப் பார்த்ததில்லை. அவள் மாமியார் சொல்லக் கேட்டவள். நான் எம்.ஏ. தமிழில் கயலும் கெண்டையும் பாய்ந்த காவிரியைப் பாட்டுப் பாட்டாகப் படித்தேன். அந்த மீன் எங்கே போனது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

எங்கே போனது? 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கட்டுவித்த ஆர்தர் காட்டனே, அணைகளால் மீன்வளம் கெடுவதாக 1867இல் எச்சரித்தார். பிரான்சிஸ் டே 1873இல் அறிக்கையே எழுதினார். வெள்ளைக்காரப் பொறியாளனுக்கு 150 வருஷத்துக்கு முன் உறைத்தது நம் ஆட்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. 93.47 டிஎம்சி கொள்ளும். மீனை மேலே கூப்பிடுவது தென்மேற்குப் பருவத்தின் அந்தக் கலங்கல் வெள்ளம். அணை முதலில் பிடித்து வைப்பதும் அதைத்தான். உல்லம் வரத்து அதோடு அற்றுப்போனது.

அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். ஓடுகிற தண்ணீரில் எடுக்கிற மின்சாரம், புகை இல்லை, கரி இல்லை என்கிறார்கள். சரி. ஆனால் ஆறு ஓடவில்லையே, குளம் குளமாகத் தேங்கி நிற்கிறதே! ஓடும் தண்ணீரில் கல்லிடுக்கில் முட்டையிடுகிற மீன் போய்விடுகிறது. தேங்கலில் ஜிலேபிக் கெண்டை பெருகுகிறது. மின்தேவை பார்த்துக் கதவைத் திறந்து மூடினால் காலையில் முழங்கால் தண்ணீர், மாலையில் ஆளை அடிக்கிற தண்ணீர். தேக்கத்து மீனோ குத்தகைக்காரனுக்கு. என் சித்தப்பா ஓர் இடத்தில் வலை போட்டதற்கு வலையைப் பிடுங்கி எரித்தார்கள். தலைமுறையாக மீன் பிடித்தவன் ஒரே நாளில் திருடன்!

மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் மாதா கோயில் கோபுரமும் வெளியே வரும். பத்திரிகைகள் படம் போடும். கல்லால் கட்டியது நிற்கும். மண்சுவர் கரைந்துபோகும். மூழ்கிய சேரியை யார் படம் எடுப்பது?

நான் மின்சாரத்துக்கு எதிரி இல்லை. ஊருக்கு விளக்கு எரிந்து வெகுகாலம் கழித்துத்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. இருட்டின் அழகைப் பாட எனக்கு வராது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது நீரையும் மின்சாரத்தையும் ஒன்றாகவே திட்டமிட்டார். தாமோதர் பள்ளத்தாக்குக்காக 1945 ஜனவரி 3இல் கல்கத்தாவில் மாநாடு கூட்டினார். ஒரே அணை பல பயனுக்கு என்பது அவர் வாதம். பயன் யாருக்கு என்று கேட்காமல் அவர் எதையும் எழுதியதில்லை. மகாடில் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளியவர் அவர்.

‘காவிரித் தாய்’ என்று உருகுகிற சூழலியல் அன்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. திருப்பாணாழ்வாரை அக்கரையிலேயே நிறுத்தி வைத்தது இந்த ஆறு. வழிவிடவில்லை என்று அவர்மேல் கல்லெறிந்த கதையைப் பக்திக் கதையாக இன்றும் சொல்கிறீர்கள். தாய் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் தாயாக இருக்கட்டும்.

2007 நடுவர் மன்றத் தீர்ப்பு காவிரியின் 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10. அதையும் ‘கடலில் வீணாகக் கலக்கும் தண்ணீர்’ என்று புலம்புகிறார்கள். மேகதாதுவில் கர்நாடகம் கட்ட நினைப்பது 67.16 டிஎம்சி, 400 மெகாவாட். நம் கட்சிகள் பங்குக்காகக் கொதிப்பது நியாயம். ஆனால் மூழ்கப்போகும் காட்டையும் மீனையும் பற்றி எத்தனை மேடையில் பேச்சு வந்தது? காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ளதாக உலகப் பட்டியலில் ஏறிவிட்டது.

முடியாது என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு மின் அணைகளை 2024இல் இடித்து முடித்தார்கள். யூரோக், காருக் பழங்குடிகள் பல பத்தாண்டு போராடிய போராட்டம் அது. சால்மன் அதே ஆண்டு மேலேறியது.

மேட்டூரை இடிக்கச் சொல்லவில்லை. கதவணைகளில் மீன் ஏற வழி வை. ஆனியிலும் ஆடியிலும் கலங்கல் வெள்ளம் கொஞ்சம் கடல்வரை போகட்டும். கதவைத் திறப்பதும் மூடுவதும் படிப்படியாக நடக்கட்டும். மீன் குத்தகையை ஆற்றை நம்பிய சேரிச் சங்கங்களுக்குக் கொடு. திட்டம் போடுகிற மேசையில் பொறியாளர், விவசாயச் சங்கத் தலைவர் பக்கத்தில் ஊத்தா பிடித்த கை ஒன்று உட்காரட்டும்.

அடுத்த ஆடிக்கும் மதகு திறப்பார்கள், பூத்தூவுவார்கள். தோழர்களே, அன்றைக்கு நாமும் அம்மா மண்டபத்துக்குப் போவோம், ஊத்தாவோடு.