சுடுவதற்கு முன் ஒரு பரீட்சை!

வேட்டைக்குப் போக என்ன வேண்டும்? துப்பாக்கி ஒன்று, தைரியம் கொஞ்சம். இப்படித்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஜெர்மனியில் போய் இதைச் சொன்னால், "முதலில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரும் ஐயா!" என்பார்கள்.

அங்கே வேட்டை லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. எழுத்துப் பரீட்சை, வாய்மொழியும் செய்முறையும் கலந்த பரீட்சை, துப்பாக்கி சுடும் பரீட்சை என்று மூன்று பகுதிகள். பள்ளி இறுதித் தேர்வுக்கு அந்த நாட்டில் 'அபிட்டூர்' என்று பெயர். இதை வேடிக்கையாகப் 'பச்சை அபிட்டூர்' என்கிறார்கள்.

பாடங்களோ ஏராளம். பிராணிகளை இனம் காண வேண்டும். காட்டையும் கழனியையும் பற்றித் தெரிய வேண்டும். வேட்டை நாயை நடத்தும் விதம், ஆயுதச் சட்டம், சுட்ட பிராணியின் இறைச்சி உண்ணத் தக்கதா என்று பார்க்கும் முறை எல்லாம் உண்டு. மற்றப் பாடங்களில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், சுடுவதில் கோட்டை விட்டால் தேற முடியாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? குறி தப்பிய குண்டு மானை உடனே கொல்வதில்லை. அது புதருக்குள் ஓடித் துடிதுடித்துச் சாகும். காயம்பட்ட பிராணியின் வேதனையைத் தாமதமின்றி முடித்து வைப்பது வேடனின் கடமை என்கிறது 1952-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம். குட்டிகள் தாமாகப் பிழைக்கும் வரை, அவற்றை வளர்க்கும் தாய் தகப்பனைச் சுடக் கூடாது. சுட்டால் கிரிமினல் குற்றம்! எதிரே நிற்கும் மானுக்குப் பின்னால், புல்லுக்குள் ஒரு குட்டி காத்திருக்குமோ? விசையைத் தொடுமுன் வேடன் யோசித்தாக வேண்டும். அந்த ஒரு விநாடிக்காகத்தான் இவ்வளவு படிப்பும்.

பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. நன்னடத்தையும் உடல் தகுதியும் வேண்டும். பிறருக்கு விபத்து நேர்ந்தால் ஈடு கட்ட இன்ஷூரன்ஸும் கட்டாயம். 16 வயதிலேயே இளைஞர் லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் அனுபவமுள்ள பெரியவர் துணையின்றி வேட்டைக்குப் போக முடியாது. லைசென்ஸை அதிகபட்சம் மூன்று வருஷத்துக்கே கொடுப்பார்கள்.

லைசென்ஸ் வந்துவிட்டது, எங்கே சுடுவது? வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. பொதுவாக 75 ஹெக்டேர், அதாவது சுமார் 185 ஏக்கர், ஒரே வளைவாக இருந்தால்தான் தனி வேட்டைக் களம். சிறு நிலக்காரர்களின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எடுக்க, அதற்கு முன்பே மூன்று வருஷம் லைசென்ஸ் வைத்திருந்திருக்க வேண்டும். காட்டுப்பன்றி பயிரை அழித்தால், அந்த நஷ்டம் பெரும்பாலும் குத்தகைக்காரர் தலையில்தான் விழும்!

இத்தனைக்கும் மேலே ஒரு வழக்கம் உண்டு. மான் விழுந்ததும், வேடன் ஒரு சிறு மரக்கொத்தை ஒடித்து அதன் வாயில் வைக்கிறான். 'கடைசிக் கவளம்' என்று அதற்குப் பெயர். இந்த மரியாதையைப் பரீட்சையில் மார்க்குப் போட்டு அளக்க முடியாது. ஆனால், இதைச் செய்யத் தெரிந்த கையில் துப்பாக்கி இருப்பதே பிராணிகளுக்கும் நல்லது, மனிதர்களுக்கும் நல்லது.