கரண்டுக்குப் பூட்டு போடுவம், திறப்பு யாரிட்ட?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி தாண்டின நேரம் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டினதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். பிறகென்ன, பேஸ்புக் முழுக்க மீம்ஸ். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகுதான் யோசித்தோம்: ஒரு குரங்கு தெரியாத்தனமாக ஒரு இடத்தில் தொட்டதற்கே இப்படியென்றால், தெரிந்துகொண்டு பல இடத்தில் ஒரே நேரம் கைவைக்கிற ஆளால் என்ன செய்யேலும்?

இது கற்பனை இல்லை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரேனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் ஊடுருவல்காரர் புகுந்தார்கள். கட்டுப்பாட்டறையில் இருந்தவர்களின் கண்ணுக்கு முன்னாலேயே மவுஸ் தன்பாட்டில் ஓடி, ஆளிகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. ஏறத்தாழ 225,000 பாவனையாளருக்குக் கரண்ட் இல்லை. அடுத்த வருட டிசம்பரில் கீவ் நகருக்கு வந்த நிரல் இன்னும் கெட்டித்தனமானது. மின்கட்டமைப்புக் கருவிகள் தங்களுக்குள் பேசுகிற மொழியிலேயே அது கட்டளை கொடுத்தது. கருவிகளும் கேட்டு நடந்தன. ஏனென்றால் அந்த மொழிகளில் பெரும்பாலானவை பழையவை. தொழிற்சாலைகளில் இன்றும் ஓடுகிற மொட்பஸ் 1979 இல் வந்தது. 'நீ யார்?' என்று கேட்கிற பழக்கம் அதற்கு இல்லை.

இப்ப எங்கட பக்கம் வருவோம். லெக்கோ ஸ்மார்ட் மீற்றர் பூட்டத் தொடங்கிவிட்டது. கூரைகளில் சோலார் பெருகுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவென்று, பகலில் கூரைச் சோலாரை நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை வேண்டுகோள் விட்டது. நாளைக்கு இதே வேண்டுகோள் ஒரு சிக்னலாக நேரே இன்வேர்ட்டருக்குப் போகும். சிவப்பு பில் வந்தால் 'நாளைக்குக் கட்டிப்போடுவம் அண்ணை' என்று கெஞ்சுவதற்கு வாசலில் ஆளும் வராது. அலுவலகத்திலிருந்து ஒரு கட்டளை, அவ்வளவுதான். அந்தக் கட்டளையை வேறு யாரும் போலியாக அனுப்ப முடிந்தால்?

இன்னொரு பக்கமும் உண்டு. கால் மணிக்கொருக்கா பாவனையை அனுப்புகிற மீற்றர், வீட்டில் ஆள் இருக்கா, எத்தனை மணிக்கு எழும்பினம், எப்ப ஊருக்குப் போயிட்டினம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2009 இல் நெதர்லாந்து செனற் ஸ்மார்ட் மீற்றரைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தைத் தடுத்ததற்கு இந்தத் தனியுரிமைப் பயம் பெரிய காரணம். போரும் சுற்றிவளைப்பும் கண்ட எங்களுக்கு, 'இந்த வீட்டில் யார் இருக்கினம்' என்ற தகவலின் பாரத்தை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்ப எல்லாத்தையும் மறைகுறியாக்கினால் சரிதானே? பாதி சரி. உக்ரேனில் 2015 இல் உள்ளே வந்தவர்கள் பூட்டை உடைக்கவில்லை. ஊழியர்களின் பாஸ்வேர்ட்டைத் திருடி, தொலைவிலிருந்து வேலைசெய்வதற்கான பாதுகாப்பான வழியாலேயே வந்தார்கள். பூட்டு இருந்தது, திறப்பு களவு போனது. மின்நிலையத்துக்குள் ஓடுகிற சில பாதுகாப்புச் செய்திகள் மூன்று நான்கு மில்லிசெக்கனுக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதும் உண்மை. அங்கே பாரமான கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. அந்தச் செய்தி இரகசியமாக இருப்பதைவிட, உண்மையான இடத்திலிருந்து, இப்பதான் வந்தது என்று உறுதிப்படுத்துவதே முக்கியம். நேற்றைய கட்டளையைப் பதிவுசெய்து இன்றைக்குத் திரும்ப அனுப்புகிறவனுக்கு அதை வாசிக்கவே தெரியத் தேவையில்லை. வீட்டு மீற்றர் தகவலுக்கோ இரண்டும் வேண்டும்.

ஆகவே எங்கட கோரிக்கைகள் எளிமையானவை. ஒவ்வொரு மீற்றருக்கும் தனித் திறப்பு வேண்டும். 2014 இல் ஸ்பெயினில் பாவனையில் இருந்த ஒரு வகை மீற்றரை ஆராய்ந்த இருவர், எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு இருந்ததைக் காட்டினார்கள். ஒன்றைக் கழற்றினால் ஊரே திறக்கும். மீற்றர் பதினைந்து, இருபது வருடம் சுவரில் இருக்கும் என்பதால் திறப்பை இடையில் மாற்ற முடியவேண்டும், அது விற்ற கொம்பனியிடம் மட்டும் இருக்கக்கூடாது. கேள்விப்பத்திரம் கோரும்போதே இவற்றை எழுதவேண்டும். சுயாதீனமானவர்கள் சோதித்த முடிவை மூன்று மொழியிலும் வெளியிடவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீற்றர் தகவலுக்கு எப்படிப் பொருந்தும் என்று மக்களுக்குச் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒன்று. உக்ரேனில் சில மணித்தியாலத்தில் கரண்ட் திரும்பி வந்தது, ஊழியர்கள் வாகனத்தில் ஏறி உப நிலையங்களுக்குப் போய்க் கையால் ஆளிகளை மூடினதால். எங்கட லைன் அண்ணாமாருக்கும் அந்தக் கைவேலை தெரியும். ஸ்மார்ட் வந்துவிட்டது என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.